ஏழாவது வீட்டுத் துணி

"ஒரு பழந்துணி! அதுக்குக்கூட மனசு வரலையே அவளுக்கு!"

விஜயலக்ஷ்மி மாமி செருப்பை உதறின வேகத்திலேயே மருமகள் மதுவந்திக்குப் புரிந்துவிட்டது, எதிர் ஃப்ளாட்டில் கேட்டது கிடைக்கவில்லை என்று.

"மெதுவா பேசுங்கோம்மா. அவா காதுல விழும்."

"நன்னா விழட்டும்!"

மாமிக்குக் கோபம் வந்தால் ராஜா அண்ணாமலைபுரம் முழுக்கக் கேட்கும். அத்தனை கோபமும் பயம்தான், பாவம். மதுவந்திக்கு ரெண்டு தடவை தங்கவில்லை. இது மூன்றாவது. எட்டாம் மாசம்.

தங்காத ஆத்தில் குழந்தைக்குப் புதுசு எதுவும் வாங்கக் கூடாது, ஏழு வீட்டில் பிச்சையாகப் பழந்துணி வாங்கித்தான் போடணும் என்பது மாமி பிறந்த வீட்டுப் பழக்கம். அதுவும் நன்றாக வளர்ந்த குழந்தை போட்ட துணியாக இருக்கணும்.

மதுவந்திக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் புதுசு வாங்கக் காசு எங்கே? வைத்தியத்துக்கே எல்லாம் கரைந்து போச்சு.

மாமியின் பிள்ளை ஷ்ரவண் சாமான் ரூமைக் காலி பண்ணி, ஹாலுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை அடித்தான். மதுவந்தியின் அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவள் புடவை ஒன்று ஜன்னலுக்குத் திரையானது. தொட்டில் இரவல். கிடைத்த பழந்துணி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெட்டி, ஒட்டுப் போட்டு, தொட்டிலுக்கு விரிப்பு தைத்தாள் மதுவந்தி. ஆறு வீட்டுத் துணி சேர்ந்துவிட்டது. மூலையில் ஒரே ஒரு சதுரம் பாக்கி.

அந்த ஏழாவது வீடுதான் கைசர் ஜஹான் வீடு. அவளும் புருஷனும் மட்டும். குடிவந்து ஆறு மாசம் ஆகிறது.

"நெஜமாவே அவகிட்ட இல்லேன்னா விட்டுடலாம்டி. போன மாசம் ஊசி கேக்கப் போனேனே, அப்போ பெட்டி திறந்து கெடந்தது. கவுன், ஸ்வெட்டர், குல்லா, அப்படி அடுக்கி வெச்சிருக்கா. யாரோடதுன்னேன். எங்க ஜோயாவுதுன்னா. பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டா போலிருக்கு."

"இன்னிக்கு என்ன சொன்னா?"

"ரெண்டு தடவை தங்கலைங்கறதையும் சொல்லித்தான் கேட்டேன். 'அத மட்டும் கேக்காதீங்க மாமி'ங்கறா. என் மூஞ்சியக்கூடப் பாக்கலை."

மாமிக்கு ஆறவில்லை. வாசலுக்கே போய், எதிர்க் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"பொத்திப் பொத்தி வெச்சுக்கட்டும்! அந்த ஜோயா திரும்பி வந்து போட்டுக்கப் போறாளாக்கும்!"

பாதி திறந்திருந்த கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் மாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. லிஃப்டில் கைசர் ஜஹான் நின்றால், முட்டி வலியோடு படியேறினாள்.

மதுவந்தி அந்தக் காலிச் சதுரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஆறோட நிறுத்திண்டா என்னம்மா ஆகும்?"

மாமி விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலிங் பெல் அடித்தது. வாசலில் கைசர் ஜஹான். முகமெல்லாம் வியர்வை, கையில் துணிப்பை.

"இந்தாங்க மாமி. ஆம்பூர்ல எங்க அக்கா பேரன் போட்ட சட்டை. நேர்லயே போய் வாங்கியாந்தேன். காஷிஃபுன்னு பேரு. செம வாலு. ஜுரம்னு ஒரு நாளு படுத்ததில்ல."

மாமி கையை நீட்டவில்லை.

"பெட்டி நிறைய ஆத்துல வெச்சுண்டு, ஆம்பூர் வரைக்கும் எதுக்கு அலையணும்? உன் பொண்ணோடதுல ஒண்ணு குடுத்தா என்ன கொறைஞ்சு போயிடும்?"

கைசர் ஜஹான், மாமிக்குப் பின்னால் நின்ற மதுவந்தியைப் பார்த்தாள்.

"கண்ணு, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாறியா?"

மதுவந்தி சமையலறைக்குள் போகும் வரை காத்திருந்தாள். அப்புறம் மாமியின் காதருகே குனிந்தாள்.

"நல்லா வளந்த புள்ளையோடதுதானே கேட்டீங்க மாமி? எங்க ஜோயா தொட்டில விட்டு எறங்காமயே போய்ட்டா."