ஏழாம் வரிசையில் முப்பது லீற்றர்

கதவை மறுபடியும் தட்டினார்கள். இராக்கம்மா போர்வையை விலக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் இளையதம்பி. கையில் மடித்த காகிதம்.

கீழே பாதையில் றஹீமின் வேன் நின்றது. போன மாதம் அதே லயத்து மாடசாமியின் சாமான்களை ஏற்றிப் போனதும் அதே வேன்தான்.

முதலாளி துரையின் தோடம்பழத் தோட்டத்துச் சொட்டுக் குழாயிலிருந்து மாடசாமி தன் தக்காளிப் பாத்திக்கு ஓஸ் போட்டிருந்தார். எந்த வரிசைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஆபீஸ் கம்பியூட்டருக்குத் தெரியும். ஒரே நாளில் அவருக்கு வேலையும் போனது, தொழிலாளர் லயத்தில் இருந்த அறையும் போனது.

இராக்கம்மாவுக்குப் போக வேறு கூரை கிடையாது. லயத்து ஆட்கள் எல்லோரும் கதிர்காமத் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்டால் வரவும் ஆள் இல்லை.

அடுப்படியில் இரண்டு குடங்களும் காய்ந்து கிடந்தன. காய்ச்சலோடு குனிந்து அவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஒன்று உருண்டு கடகடத்தது.

"சத்தம் கேக்குது. உள்ளுக்குத்தான் நிக்கிறியள். திறவுங்கோ."

திறந்தாள். இளையதம்பி காகிதத்தை விரித்தார்.

"இதைப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் விடியக்காலமை அஞ்சேகாலுக்கு, ஏழாம் வரிசையிலை முப்பது லீற்றர் கூடப் போயிருக்குது. மரம் எழும்பி வந்து குடிச்சதெண்டு சொல்லமாட்டியள்தானே?"

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க ஐயா. லயத்துப் பைப்புல மூணு மாசமாத் தண்ணி இல்ல. குடிக்க ரெண்டு கொடம்தான் புடிச்சேன். சம்பளத்துல வெட்டிக்கங்க, அறைய மட்டும் எடுத்துறாதீங்க."

"ஏழாம் வரிசைக்குப் பக்கத்திலை உங்கடை அறைதானே. முதல் கிழமையே எனக்குத் தெரியும். துரைக்குக் குழாய் கசிவு எண்டு எழுதியாச்சு. ஒரு சதமும் வெட்டமாட்டினம்."

இராக்கம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கண் பாதைக்கே போனது.

"அப்ப வேன் எதுக்குங்க?"

கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்த காய்ந்த குடத்தை இளையதம்பி கவனித்தார். காகிதத்தின் கடைசி இரண்டு வரிகளில் விரலை வைத்தார்.

"ஆசுபத்திரிக்கு. ரெண்டு நாளாக் குழாய் கசியேல்லையே, இராக்கம்மா."