கதவு திறக்க இரண்டு மாத்திரை

தமயந்தியால் தோளைத் தூக்கவே முடியவில்லை. தசை அழற்சி என்று வீட்டுச் சுவரிலிருந்த மருத்துவ இயந்திரம் போன மாதமே முடிவு கட்டிவிட்டது. அது தரும் ஸ்டீராய்டையும், எலும்பு தேயாமலிருக்கக் கால்சியம் மாத்திரையையும் விழுங்கினால்தான் அவளுக்கு வாசற்கதவு திறக்கும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு கணவன் சகாயம் ஓடிவந்தான். கதவு அவன் பின்னால் பூட்டிக்கொண்டது.

"தசையில ஒண்ணுமில்ல தமயந்தி. கழுத்துச் சுரப்பிதான் கெட்டுப்போயிருக்கு. ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமாம். இனி ஒரு மாத்திரைகூட ஆபத்து. கெளம்பு ஆஸ்பத்திரிக்கு!"

"இன்றைய மாத்திரையை விழுங்கவில்லை," என்றது இயந்திரம்.

"வேற வியாதின்னு சொல்றாங்க..." என்றாள் அவள்.

"மனக் குழப்பம். குறித்துக்கொண்டேன். வலி எப்படி?"

"உசுரு போகுது." வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"ஸ்டீராய்டு இரண்டு. கால்சியமும் இரண்டு."

சகாயம் கதவை உதைத்து உதைத்துப் பார்த்தான். அது அசையவில்லை. கடைசியில் டம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"முழுங்கிடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல."