அப்படியே பாடணும்

மாலை 7.10. மேடையில் எட்டுப் பேர். மைக்கைக் கையில் எடுத்தவர் பவானி. பாடகி; இசைக்குழுவும் அவருடையதுதான்.

கம்பம் பக்கம், தேவாரம் என்ற ஊரை அடுத்த அந்தக் கிராமத்தில் சித்திரைத் திருவிழா. கமிட்டித் தலைவர் மலைச்சாமி அட்வான்ஸ் கொடுத்த அன்றே கறாராகச் சொல்லியிருந்தார்.

"முதல் பாட்டு எங்க ஊர்ப் பாட்டும்மா. அதுக்கு ஆடாத காலு இங்கன கெடையாது. படத்துல இருக்க மாதிரி அப்படியே பாடணும். அதுக்காகத்தேன் அஜய்குமார் இருக்க குழுவாப் பாத்துப் பிடிச்சிருக்கோம்."

அந்தக் குத்துப்பாட்டின் தொடக்கத்தில் கீபோர்டு அரை நிமிடம் தனியாக ஓடும். அதைப் பிசகாமல் வாசிக்க இந்த வட்டாரத்தில் அஜய்குமாரை விட்டால் ஆளில்லை என்பது மலைச்சாமியின் கட்சி.

அஜய்குமார் கீபோர்டுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மலைச்சாமி மேடையேறி பவானிக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் அடங்குவதற்குள் பவானி அதை எடுத்து, கீபோர்டுக்கு முன்னால் இருந்த ஸ்டாண்டில் விரித்துத் தொங்கவிட்டார்.

மலைச்சாமி முன் வரிசைக்குத் திரும்பி மனைவி பவுனுவிடம் முணுமுணுத்தார். "நான் போத்துன பொன்னாடைய துணி காயப்போடுற மாதிரி போடுது பாரு."

"பாட்டக் கேளுங்க. எதுக்கெடுத்தாலும் ஒரு குத்தம்."

இளவட்டங்கள் தலையில் துண்டு கட்டி, தயாராக நின்றார்கள்.

கீபோர்டு ஓடவில்லை. ஒரே ஒரு சுரம், மணி அடித்ததுபோல. சற்று விட்டு இன்னொன்று. டிரம்ஸ் சும்மா இருந்தது. பவானி மெதுவாக, யாரிடமோ பேசுவதுபோலப் பாட ஆரம்பித்தார்.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று இளவட்டங்களுக்குத் தெரியவில்லை.

"ஏலே, கரண்டு கம்மியா வருதாடா?"

சிரிப்பு. விசில். மலைச்சாமி எழுந்து மேடை ஓரத்துக்கே போய்விட்டார்.

"ஏம்மா! இழவு வீட்டுலகூட இதவிட வெரசாப் பாடுவாகம்மா! ஒழுங்காப் பாடு. இல்ல, இனிமே இந்த மேடை உங்களுக்குக் கெடையாது!"

இந்த மேடை போனால் வைகாசியில் கம்பம் வரைக்கும் ஒரு மேடையும் கிடைக்காது. கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்வார்கள். குழுவில் எட்டுப் பேருக்கும் அது தெரியும்.

பவானி நிறுத்தவில்லை.

இரண்டாவது சரணத்தில் பவுனு திரும்பி இளவட்டங்களை அதட்டினார்.

"சத்தம் போடாதீகப்பா! அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு கேளுங்க. மலை தாண்டிப் போன புருசன் திரும்பி வரலைங்குது. அடப் பாவிகளா, இது அழுகப் பாட்டு! இத்தன வருசமா இதுக்கா ஆடுனீக?"

விசில் நின்றது. ஐஸ் வண்டி மணியும் நின்றது. ஊருக்கே மனப்பாடமான வரிகளை ஊர் முதல் தடவையாகக் கேட்டது.

கடைசிச் சுரம் அடங்கியது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. தலையில் கட்டிய துண்டுகள் காற்றில் சுழன்றன. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" மூன்றாவது தடவை பவானி பாட வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பக்கமே அதே நிதானத்தோடு பாடியது. அவர் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்து வந்த பாட்டுகளில் கிட்டார்தான் முன்னால் நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கச்சேரி முடிந்து சாமான்களை ஏற்றும்போது மலைச்சாமி வந்தார். பவானி கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அஜய்குமார் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"ஆம்பள சொகமா உக்காந்திருக்கான், நீ செமக்குற. நல்லா இருக்கும்மா உங்க குழு."

பவானி சிரித்தார்.

"பாட்டு நல்லாத்தேன் இருந்துச்சு, இல்லைங்கல. என் பொண்டாட்டி இன்னும் கண்ணத் தொடச்சுக்கிட்டு இருக்கா. ஆனா ஊரு ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு பாடுற. கேட்காம கொள்ளாம மாத்துறது திமிருதான?"

"ஆமாண்ணே. திமிருதேன்."

"அண்ணே, அக்கா மேல தப்பில்ல. அது வந்து..." என்றார் அஜய்குமார் வேனுக்குள்ளிருந்து.

"அஜய், நீ சும்மா இரு."

இளவட்டங்கள் செல்போனில் எடுத்த வீடியோ மறுநாளே வருசநாடு வரை போய்விட்டது. கம்பத்தில் கேட்டார்கள், தேவதானப்பட்டியில் கேட்டார்கள். "பவானி பாட்டு" என்றுதான் கேட்டார்கள். படத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருசத் திருவிழா, 2025 மே 15. அதே மேடை, அதே முதல் பாட்டு. பவானி பொன்னாடையைத் தோளிலேயே வைத்துக்கொண்டார். கீபோர்டு, படத்தில் இருப்பதுபோல அப்படியே, பிசகாமல் ஓடியது.

முந்தைய வருசத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு, கம்பம்மெட்டு வளைவில் பைக் சறுக்கி, விரல் மடங்காமல் போன அஜய்குமாரின் வலது கை முழுதாகக் குணமாகியிருந்தது. வேறு ஆளை உட்கார வைத்தால் 'கை போனவன்' என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவி அவர் பிழைப்பு போய்விடும் என்றுதான் பவானி அந்தப் பாட்டை ஒற்றைக் கைக்குத் தக்கபடி மாற்றினார். குழுவைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

முன் வரிசையில் மலைச்சாமி எழுந்தார்.

"நிறுத்துங்கப்பா! என்ன இது, வாய்க்கு வந்தபடி? போன வருசம் பாடுன மாதிரி அப்படியே பாடணும்!"

அஜய்குமார் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.