சூமாக்கர் கட்சி, சென்னா கட்சி

“சூமாக்கருக்கு முன்னால உங்க சென்னா எம்மாத்திரம்? கார் ரேஸுல ஏழு தடவ உலகப் பட்டம் வாங்குன மனுசன்ப்பா அவரு!”

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து கத்தரீனாள் போட்ட கூச்சலில், முன்சீட்டில் இருந்த ஜின்சிக்குக் காது அடைத்தது.

டிரைவர் ஏசுரத்தினம் சும்மா இருப்பாரா? ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டிக்கொண்டே பின்னால் திரும்பினார்.

“பட்டத்த எண்ணுனா ஆச்சாக்கா? மொனாக்கோன்னு ஒரு ஊரு. ஊருக்குள்ளயே ரேஸு. நம்ம மலை ரோடு கணக்கா ஒடுக்கம், வளைவு. அங்க ஆறு தடவ ஜெயிச்சவரு சென்னா. உங்க ஆளு அஞ்சுதான்!”

“அண்ணே, ரோட்டப் பாருங்கண்ணே!”

ஜின்சி அலறினாள். எதிரே கொண்டை ஊசி வளைவு. ஏசுரத்தினம் அலட்டிக்கொள்ளாமல் ஒற்றைக் கையால் வண்டியை வளைத்தார்.

ஜின்சிக்கு உயிர் போய் உயிர் வந்தது. கல்யாணமாகி, கேரளத்துச் சக்குபள்ளத்திலிருந்து போடிப் பக்கம் வாழ வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க இன்றுதான் முதல்முறையாகப் போய்த் திரும்புகிறாள். காலையில் ஏறும்போது மூடுபனி, பள்ளம் தெரியவில்லை. இப்போது சாயங்கால வெயிலில் அடிவரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. உலகத்திலேயே பெரிய ரேஸ் டிரைவர் யார் என்று முடிவு கட்ட இவர்களுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களும் ஆளுக்கொரு கட்சி. நடுவில் ஒருத்தி, “ஹாமில்டனும் ஏழு பட்டம் வாங்கியிருக்காருல்ல?” என்று மெல்ல இழுத்தாள். அவளை யாரும் பேசவிடவில்லை.

ஏசுரத்தினம் மறுபடி திரும்பினார். ஜின்சிக்குப் பொறுக்கவில்லை.

“நான் ஒண்ணு சொல்லட்டா? நீங்க சொல்றத வச்சுப் பாத்தா, பட்டத்துல சூமாக்கர் பெரியவரு. ஒடுக்கமான ரோட்டுல சென்னா பெரியவரு. அவங்கவங்க காலத்துல அவங்கவங்க ராசா. இதுல சண்டை எதுக்கு? எனக்குப் பேடியா, பயமா இருக்கு. ஒழுங்கா வீடு போய்ச் சேருவோம்.”

சண்டை சட்டென்று அடங்கியது. இவ்வளவு நியாயமான பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? ஜின்சிக்குப் பெருமை பிடிபடவில்லை. புகுந்த வீட்டில்கூட அவள் சொல்லுக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

எஞ்சின் சத்தம் மட்டும்தான். ஒரு வளைவு போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

திடீரென்று ஜீப் மலைப்பக்கமாக ஒதுங்கி, கிறீச்சென்று குலுங்கி நின்றது. தூக்குச்சட்டிகள் உருண்டன. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

“சென்னாவாம் சென்னா!” என்று உடனே கத்தினாள் கத்தரீனாள்.

“மழையில ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க உங்க ஆள!” என்று ஏசுரத்தினமும் கியரைப் போட்டார்.

செத்தேன் என்று ஜின்சி ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். மலையடிவாரம் வரைக்கும் சண்டை ஓயவில்லை.

அடிவாரத்து ஊரான முந்தலில் மற்றப் பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். ஜின்சியின் வீடு இன்னும் தள்ளி. ஏசுரத்தினம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, கத்தரீனாள் அவளை ஓரமாக இழுத்தாள்.

“ஏண்டி, எங்க எல்லாரையும் பள்ளத்துல தள்ளப் பாத்தியே!”

“நான் என்னக்கா செஞ்சேன்? சண்டையத்தான நிறுத்துனேன்?”

“அதத்தான் சொல்றேன். அவன் கோழி கூவுமுன்ன வண்டி எடுக்கிற ஆளு. இறக்கத்துல பேச்சு நின்னா கண்ணு சொக்கிரும். வண்டி குலுங்கி நின்னத இப்ப பாத்தேல்ல? அதான் நாங்க வம்பிழுத்துக்கிட்டே வாறோம். அரசியல் பேசுனா அடிதடி ஆயிருது. இதுன்னா மனுசன் சிலுப்பிக்கிட்டு முழிச்சுக்கிறான். மத்தபடி சூமாக்கரு கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. மக போன்ல பாத்துச் சொல்லுவா, நான் வந்து ஒப்பிப்பேன்.”

ஜின்சிக்கு முகம் செத்துப்போயிற்று. நல்லது செய்வதாக நினைத்து இத்தனை பேர் உயிரோடு விளையாடியிருக்கிறாளே! தலையைக் குனிந்தபடி ஜீப்பில் ஏறினாள்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் ஏசுரத்தினம் தொண்டையைச் செருமினார்.

“தாயி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிடாத. இனிமே அந்தச் சண்டைய மட்டும் நிறுத்திப்புடாத.”

“ஏண்ணே?”

“பகல் பூரா காய் எடுத்த அலுப்பு. பேச்சு நின்னா அக்காமாரு உக்காந்தபடிக்கே தூங்கிருவாக. பின்னால கதவு கிடையாது. வளைவுல ஒருத்தி சரிஞ்சா என்னாவுறது? நீ சமாதானம் பண்ணி வச்ச, கண்ணாடியில பாக்கேன், கத்தரீனாக்கா தலை தொங்கிருச்சு. அதான் ஓரங்கட்டிப் பிரேக்க மிதிச்சேன். மத்தபடி ரேஸப் பத்தி எனக்கு என்ன எழவு தெரியும்? மகன்ட்ட கேட்டுக்கிட்டு வந்து வாயக் குடுக்கேன்.”

ஜின்சி அவரையே பார்த்தாள்.

“அப்ப... உங்களுக்குத் தூக்கம் வராதாண்ணே?”

“எனக்கா? ஸ்டியரிங்கப் பிடிச்சவன் தூங்குவானா தாயி!” என்று சிரித்த ஏசுரத்தினம், சிரிப்பு முடியும் முன்பே நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

ஜின்சி சீட்டின் நுனிக்கு வந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஹாமில்டனுக்கு முன்னால உங்க சென்னா எம்மாத்திரம்ண்ணே?”