பூந்தி நடந்த பத்தடி

பூந்தி பத்து அடி நடந்தது. மருமகளை நோக்கி.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த மங்கைக்கு வயிறு எரிந்தது.

"சூப்பர் பூந்தி!" உள்ளே கைதட்டினான் டிரேவர். அடிபட்ட நாய்களுக்கும் ஆபரேஷன் ஆன நாய்களுக்கும் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பதுதான் அவன் வேலை. "பத்து அடி! இனிமே சக்கர வண்டி வேணாம் ரக்ஷா!"

மங்கைக்கும் சந்தோஷம்தான். முதுகெலும்பில் டிஸ்க் நழுவி, ஆபரேஷன் ஆகி, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிடந்த நாய். இந்த வாரத்துக்குள் பத்து அடி தானாக நடக்காவிட்டால், ஆயுசு முழுக்க இடுப்பில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள். நடந்துவிட்டது. பெருமாளுக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டாள்.

ஆனால், ஏன் அவளிடம்?

ஒன்பது வருஷம் வளர்த்தவள் மங்கை. உள்ளங்கை அகலக் குட்டியாக வந்ததற்குத் தயிர்சாதம் பிசைந்து ஊட்டியவள். ரக்ஷா கல்யாணமாகி வந்து முழுசாக ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முதலில் பிள்ளை அவள் பக்கம் சாய்ந்தான். போகட்டும், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நாயுமா?

மல்லேஸ்வரத்திலிருந்து பெங்களூரின் மறுகோடியில், ஜீவனஹள்ளியில் இருக்கும் இந்த இடத்துக்கு வாரம் மூன்று நாள் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வருகிறாள். வந்து என்ன பிரயோஜனம்? முதல் வாரமே டிரேவர் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிட்டான்.

"ஆன்ட்டி, அது லேசா முனகினாலே ஓடிப்போய்த் தூக்கிடறீங்க. அப்புறம் அது எதுக்கு நடக்கும்? வெளிய உட்காருங்க, ப்ளீஸ்."

அன்றிலிருந்து மாமியார் வெளியே, மருமகள் உள்ளே.

ஃபோனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

"டேய் ப்ரஹ்லாத், பூந்தி பத்தடி நடந்துடுத்துடா."

"வாவ்! ரக்ஷாகிட்ட குடும்மா."

"ஏன், என்கிட்ட பேசினா வாய் வலிக்கறதோ?"

"அம்மா..."

"கேளு. உன் பொண்டாட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு துணிப்பை கொண்டு வரா. மடியிலே வெச்சுண்டு, வாயைப் பிரிச்சுக் காட்டறா. இது நேரா போய் அதுக்குள்ள மூக்கை விட்டுக்கறது. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

"என்ன சந்தேகம்?"

மங்கை குரலைத் தாழ்த்தினாள். "கறி."

"ஐயோ, மீட்டிங்ல இருக்கேன்மா."

"அவாத்துல சாப்பிடறவாதானே? ஈரலைக் காட்டினா எந்த நாய்டா எழுந்து வராது? நம்மாத்து நாய் முட்டையைக்கூட மோந்து பார்த்ததில்லை. அதைப் போய்..."

அவன் வைத்துவிட்டான்.

உள்ளே டிரேவரும் ரக்ஷாவும் பூந்தியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குள் நடை இயந்திரம் ஓடும். பத்து நிமிஷமாவது ஆகும்.

பை, பாய் மேலேயே கிடந்தது.

மங்கை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். வாசனை வெளியே போகாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

ஈரலேதான்!

புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்ததை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

காபிப்பொடி நிறத்தில் சுங்குடிப் புடவை. நேற்று ராத்திரி மங்கையே அவிழ்த்து, துவைக்கிற கூடையில் போட்டது.

"அத்தை!"

துண்டு எடுக்க வந்த ரக்ஷா வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் டிரேவர், ஈரம் சொட்டச் சொட்டப் பூந்தியை அணைத்துக்கொண்டு.

மங்கைக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏண்டி, கட்டி அவிழ்த்த அழுக்குப் புடவையைப் போய் ஊரெல்லாம் தூக்கிண்டு வருவாளா? துவைச்சது ஒண்ணு கிடைக்கலையா உனக்கு?"

"துவைச்சது ஆகாது ஆன்ட்டி," என்றான் டிரேவர். "அதுல சோப்பு வாசனைதான் இருக்கும். இதுல உங்க வாசனை இருக்கு. நாய் கண்ணால தேடறதைவிட மூக்காலதான் அதிகமாத் தேடும்."

"அப்போ... அது இவகிட்ட போகலையா?"

"இவங்களா? பை இல்லாம உட்கார வெச்சுப் பார்த்தேன். ஒரு அடி எடுத்து வைக்கல."

மங்கை கையிலிருந்த புடவையை மோப்பம் பிடித்துவிட்டு, பூந்தி டிரேவர் கையிலிருந்து திமிறியது.

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க வெளிய உட்காருவீங்களா அத்தை?" ரக்ஷா தயங்கித் தயங்கித்தான் பேசினாள். "கேக்காம எடுத்தது தப்புதான். பூந்தி எச்சில் பட்டிருக்கும், சாயங்காலம் நானே கையால துவைச்சுப் போட்டுடறேன்."

கறி என்று சந்தேகப்பட்டதை மனசுக்குள்ளேயே புதைத்துவிட்டு, மங்கை புடவையை மடித்தாள்.

"வேற துணி எதையாவது வெச்சுப் பார்க்கறதுதானே?" என்றாள் கடைசியில், சும்மா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"உங்களை வெளிய உட்கார வெச்ச முதல் நாள் என் துப்பட்டாவைத்தான் வெச்சோம் அத்தை. தலையைக்கூடத் தூக்கல." ரக்ஷா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு உங்க மேல எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா?"