வேலிக்கு அந்தப்பக்கத்துப் பேரிமரம்

அண்ணாந்தே நின்றதில் சவரியம்மாளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தேனீக்கள் அற்றுப்போனதிலிருந்து பேரிப்பூ ஒவ்வொன்றையும் அவள்தான் தூரிகையால் தொட வேண்டும். அதுவும் சொந்த மகரந்தத்தில் மரம் காய்க்காது. அடுத்த தோட்டத்து மரத்தின் தூள்தான் வேண்டும்.

போன ஞாயிறு, பக்கத்து வீட்டு லூர்துசாமி தன் மரத்துத் தூள் நிரப்பிய டப்பாவோடு வந்தார். வருஷத்தில் அவள் வாசலுக்கு வரும் ஒரே ஆள்.

"இந்தா பிடி. ஒம் மரமும் ஒன்ன மாதிரியே சோம்பேறி, இன்னும் கண்ணத் தொறக்கல."

"பூக்கட்டும் அண்ணே, ஒங்க மரத்துக்கும் டப்பா நெறயத் தாரேன்."

நேற்று அவரை அடக்கம் செய்தார்கள். அவர் மகன் தோட்டத்து வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

இன்று அவள் மரம் பூத்தது. அவர் கொடுத்த தூளைக் கடைசிப் பூ வரைக்கும் தொட்டு வைத்தாள். காலி டப்பாவில் தன் மரத்துத் தூளை நிரப்பிக்கொண்டு வேலியருகே போனாள். ஏற முழங்கால் இடம்கொடுக்கவில்லை. அந்தப்பக்கம் அவர் மரம் பூ உதிர்க்கத் தொடங்கியிருந்தது.

லூர்து அண்ணனுக்கு ஒரு டப்பா மகரந்தம் பாக்கி.