இன்னிக்கு வால் எவ்வளவு?

"அக்கா அங்கே ஆஸ்பத்திரியில கிடக்கா. நீங்க இங்கே சேவலைக் கட்டிட்டு அழறீங்களா அத்தான்?"

தொமோகோ வாசலில் நின்று போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. நான் துணி உலர்த்துவதை விட்டுவிட்டு வேலியோரம் வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சண்டை என்றால் எனக்குக் காது தானாக நீளும்.

இசாமு தலையைக் குனிந்துகொண்டார்.

"சேவலைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது? உங்க அக்காதானே வர வேண்டாம்னு சொல்லிட்டுப் போனா?"

"அவ சொல்லுவா! உங்களுக்குப் புத்தி எங்கே போச்சு?"

அது சாதாரணச் சேவல் இல்லைதான். எங்கள் தொசா பக்கத்து நீளவால் சாதி, ஒனகாதோரி. வால் உதிராமல் வளர்ந்துகொண்டே போகும். ஆளுயரப் பெட்டி ஒன்றின் உச்சியில், ஒரு கட்டையில் நிற்கும். வால் பெட்டிக்குள்ளேயே கீழே தொங்கும். தினமும் வெளியே எடுத்து நடக்கவிட வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். இசாமு முன்னால் சேவலைப் பார்த்துக்கொள்வார். அவர் பெண்டாட்டி கினுயோ பின்னால் வாலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவாள்.

முட்டையை அடைவைத்து, குஞ்சு பொரித்து, இதுதான் தேறும் என்று பொறுக்கி வளர்த்தவளும் அவள்தான். இதனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை.

"எனக்கு ரெண்டு புருஷன்" என்பாள் கினுயோ. "இவர் வாயைத் திறந்தா போதும், அவரும் உடனே கூவ ஆரம்பிச்சிடுவார்."

அதற்காகப் பெண்டாட்டி படுத்த படுக்கையாய்க் கிடக்கும்போது ஒரு தடவைகூடவா போய்ப் பார்க்கக் கூடாது?

"கினுயோவுக்கும் ஒரு வால் முளைச்சிருந்தா இந்நேரம் ஓடியிருப்பார்" என்றார் மீன்கடைக்காரர். தெருவே சிரித்தது.

தினமும் காலையில் கினுயோவிடமிருந்து போன் வரும். இசாமுவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். நமக்கும் நன்றாகக் கேட்கும்.

"இன்னிக்கு வால் எவ்வளவு?"

"நல்லா இறங்கியிருக்கு. போன வாரத்துக்கு ஒரு விரற்கடை கூடவே இருக்கும்."

"சாப்பிடுறாரா?"

"கீரை வெச்சேன். ஒண்ணு மிச்சம் வைக்கல."

"பெட்டைங்க இடுற முட்டையில கைவைக்காதீங்க. எல்லாத்தையும் அடை வெச்சிடுங்க."

"ஒண்ணு ரெண்டு நான் சாப்பிட்டுக்கிறேனே?"

"ஒண்ணுகூட வேண்டாம். சொன்னதைச் செய்யுங்க."

கடைசிவரை அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. கினுயோவைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், முகத்தில் வெள்ளைத் துணி போட்டு.

ஊதுவத்தி ஏற்றிவிட்டு எழுந்த தொமோகோ நேராகக் கொல்லைப்புறம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எல்லாம் இந்தச் சனியனாலதான். இன்னிக்கு இதைத் தெருவுல விரட்டிவிடல, என் பேரு தொமோகோ இல்ல."

பெட்டியின் கதவை இழுத்தாள்.

உள்ளே சேவல் இல்லை. கட்டையில் ஒட்டடை படிந்திருந்தது.

"எங்கே அத்தான்?"

பின்னாலேயே வந்த இசாமு எலுமிச்சை மரத்தடியைக் காட்டினார்.

"அவ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே செத்துப்போச்சும்மா. ஒத்தை ஆளா நடத்திக் கூட்டிட்டு வந்தேன். பின்னால வால் கதவுல மாட்டினதை நான் பார்க்கல. மிரண்டு துள்ளிச்சு. அவ்வளவுதான், என் கையிலயே போயிடுச்சு."

"அப்புறமும் ஏன் வரல? அதான் உங்களைக் கட்டிப்போட ஒண்ணும் இல்லையே!"

"வந்தா, சேவலை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்கன்னுதான் முதல்ல கேப்பா. என் மூஞ்சியைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவா. அது மேல உசுரையே வெச்சிருந்தாளே! குணமாகி வரட்டும், மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் அவ சந்தோஷமா இருக்கட்டுமேன்னு..."



இத்தனை நாளாக அந்த வீட்டிலிருந்து ஒரு கூவல்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டுகிற மும்முரத்தில் தெருவில் யாருமே அதைக் கவனிக்கவில்லை.

தொமோகோ பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"போனை வெச்சதும் அக்கா தினமும் என்கிட்ட ஒண்ணு கேப்பா அத்தான். அவர் பேசறப்ப சேவல் கூவிச்சா, உனக்குக் கேட்டுச்சான்னு. இல்லையேக்கான்னு சொல்லுவேன். அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பிப்பா."

இசாமு மெல்ல நிமிர்ந்தார்.

"அதான் முட்டையை எல்லாம் அடை வைக்கச் சொன்னாளா?" என்றார். "சேவல் போனப்புறம் கொஞ்ச நாளைக்கு இடுற முட்டைதான் பொரிக்கும். அதுக்கு மேல எல்லாம் கூமுட்டை. ஏன் இந்த அவசரம்னு நான் யோசிக்கவே இல்லையே!"

மூலையில் அடைக்கோழி அசைந்து உட்கார்ந்தது. அதன் வயிற்றுக்கடியில் கீச் கீச்சென்று சத்தம். ஒரு குஞ்சு தலையை வெளியே நீட்டியது.

"தெரிஞ்சிருந்தும் ஏன் தினமும் வாலை விசாரிச்சா?" என்று கேட்டார் இசாமு. "ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

தொமோகோ அழுதுகொண்டே சொன்னாள்:

"அவரை வரச் சொல்லட்டுமான்னு நானும் தினம் கேட்டேன் அத்தான். 'வேண்டாம்டி, வந்தா பாவம், அவர் வாயாலயே அதைச் சொல்ல வேண்டி வரும்'னா. சொல்லிட்டு, பார்வையாளர் நேரம் முடியற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருப்பா."